பச்சைப் போத்தலில் ஒரு கற்றாழை

கடலில் இறங்கக்கூடாது என்று கடற்படையின் கட்டளை வந்த பிறகு என் கணவர் வீட்டில் இருந்த நான்கு கதிரைகளுக்கும் கால் திருத்தினார். குசினிக் கூரையின் ஓட்டையை அடைத்தார். கிணற்றுக் கப்பியைக் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி மாட்டினார். பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு அது. அதற்கு முந்திய மாதங்களில் இன்று போகலாம், நாளை போகக்கூடாது என்று இருந்தது, கடைசியில் அறவே நின்றுபோனது. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து முற்றத்தில் இருந்தார். பதின்மூன்று வயதில் இருந்து கடலுக்குப் போனவர். அவர் பகலில் வீட்டில் இருப்பது எனக்கே புதிதாக இருந்தது. அந்தச் சும்மா இருப்புத்தான் அவரை என் வேலைக்குள் கொண்டுவந்தது.

என் வேலை கண்ணாடியில் செடி செய்வது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், சண்டை நின்றிருந்த காலத்தில், ஜேர்மனியில் இருந்து ஒரு அக்கா புளியங்கூடலில் இருந்த தன் தாய் தகப்பனின் வீட்டைப் பார்க்க வந்தார். அங்கே அவருக்கு இதுதான் தொழில். வரும்போது கப்பலில் கண்ணாடியை உருக்க ஒரு சிறிய மின்சாரப் போறணையும் போட்டு அனுப்பியிருந்தார். மீன் பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் இரண்டு ஆண்கள் சேர்ந்தால்தான் தூக்கலாம். சுற்றுவட்டாரத்தில் ஆறு பெண்களைச் சேர்த்துப் பழக்கினார். சுருவிலில் இருந்து நான் ஒருத்திதான் போனேன்.

முதல் நாள் அவர் ஒரு பச்சைச் சோடாப்போத்தலைப் போறணையில் சூடேற்றி, இடுக்கியால் தூக்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டார். சர்ரென்ற சத்தத்தோடு போத்தல் கற்கண்டு மாதிரி நொருங்கியது. "இனி உலக்கையாலை மெல்லத் தட்டினாக் காணும். தெறிக்காது. சூடாக்காமல் மட்டும் ஒருநாளும் உடைக்காதேங்கோ" என்றார். தட்டிய தூளை மூன்று விதமாக அரித்தெடுப்போம்: குருணல், ரவை, மா. கண்ணாடி ஒட்டாமல் இருக்க அச்சுக்கு வெள்ளைக் கரைசல் ஒன்றைப் பூசிக் காயவிட்டு, அதற்குள் தூளைக் குவித்துப் போறணையில் வைப்போம். உள்ளே தூள் உருகி ஒன்றாகி அச்சின் வடிவத்துக்கு வரும். சூடேறப் பல மணித்தியாலம், ஆற அதைவிடக் கூட. ஆறும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. அவசரப்பட்டால் வெடிக்கும். ஒரு இனப் போத்தலின் தூளோடு இன்னொரு இனத்தைக் கலந்தாலும் வெடிக்கும்.

இப்படி இலை இலையாக எடுத்து, கம்பியில் கட்டி, வெள்ளை மணல் நிரப்பிய சட்டியில் நட்டால் அது ஒரு செடி. எங்கள் கிணறுகள் உவர். பூமரம் வைத்தால் கோடைக்குத் தாங்காது. ஆகவே அந்தக் கண்ணாடிச் செடிகளை முதலில் பார்த்துச் சிரித்தவர்கள்கூடப் பிறகு ஒன்று தா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் கணவர் சிரிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் கரையில் ஒதுங்கும் பச்சைப் போத்தல்களைப் பொறுக்கி வலைக்குள் போட்டுக்கொண்டு வருவார். கம்பி கட்டுவது எனக்கு வராது. ஒருநாள் நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "இஞ்ச கொண்டு வாரும்" என்று வாங்கி வலை முடிச்சு ஒன்று போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு கம்பி வேலை அவருடையது என்று ஆகிவிட்டது.

2006 தொடக்கத்தில் அந்த அக்கா மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜேர்மனிக்குப் போனார். போறணை, அச்சுகள், அச்சு வார்க்கும் மா எல்லாவற்றையும் என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கண்ணுக்குப் போட இரண்டு காப்புக் கண்ணாடிகளும் தந்தார். அவர் திரும்பி வரும் நிலைமை பிறகு இருக்கவில்லை. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் விடவில்லை. வேலியோரக் கற்றாழையில் ஒரு மடலை வெட்டிக் களிமண்ணில் பாதி அழுத்தி, அதன்மேல் அந்த மாவைக் கரைத்து ஊற்றி, நானாகவே ஒரு அச்சு வார்த்தேன். அதில் எடுத்த முதல் மடலில் விளிம்பு முள்ளுகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அன்று முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பங்குத் தந்தை அதைப் பார்த்துவிட்டு, ஆவணியில் வரும் மாதா திருநாளுக்குப் பீடத்தில் வைக்க ஒரு பெரிய கற்றாழை செய்து தரச் சொன்னார். இருபது மடல் வேண்டும். ஒரு தடவையில் இரண்டு மடல்தான் எடுக்கலாம். திருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னர், அந்த முதல் மடலோடு சேர்த்துப் பதின்மூன்று முடிந்திருந்தது. அப்போது மின்சாரம் நின்றுபோனது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் பார்த்தோம்.

"தூளையாவது இடிச்சு வைப்பம். கரண்ட் வந்த உடனை அச்சுக்குள்ள போடலாம்" என்றார் அவர்.

"சூடாக்காமல் உடைக்கக்கூடாது எண்டு அக்கா சொன்னவா."

"சாக்குக்குள்ள போட்டு அடிச்சா எங்க தெறிக்கிறது? நீர் சும்மா பயப்பிடுறீர்."

நான் அதற்கு மேல் மறிக்கவில்லை. எனக்கும் திருநாள் அவசரம் இருந்தது. அவருக்கும் கைக்கு ஒரு வேலை கிடைத்தால் நல்லது என்று நினைத்தேன். காப்புக் கண்ணாடி இரண்டில் ஒன்றின் பட்டி அறுந்து எங்கோ கிடந்தது. மற்றதை நான் போட்டிருந்தேன். நான் முற்றத்து வேம்பின் கீழே இருந்து, முந்தி இடித்து வைத்திருந்த கொஞ்சத் தூளை அரித்துக்கொண்டிருந்தேன். அரிக்கும்போது கண்ணாடி மா பறக்கும் என்பதால் எப்போதும் போடுவேன். அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதை எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கொடுக்க மனமில்லாமல் இருந்தேனா, மறந்தேனா என்று. இரண்டும் இல்லை. அந்த நினைப்பே வரவில்லை.

அவர் சாக்கைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். நாலைந்து அடியில் சாக்குக் கிழிந்தது. எங்கே கிழிந்தது என்று குனிந்து பார்த்தபடியே இன்னொரு அடி போட்டார்.

கத்தவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். "இஞ்சாரும், கொஞ்சம் தண்ணி கொண்டு வாரும்" என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. நான் செம்போடு போய்ப் பார்த்தபோது இடது கண்ணைப் பொத்தியிருந்தார். விரலிடுக்கில் இரத்தம் வந்துகொண்டிருந்தது.

"கையை எடுங்கோ, பார்ப்பம்."

"எடுக்க ஏலாது. எடுத்தா அது உள்ள போகுமெண்டு கிடக்கு."

சைக்கிளின் பின்னால் அவரை இருத்தி, நான் மிதித்துக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தார். கல்யாணம் முடித்து ஒன்பது ஆண்டுகளில் றோட்டில் வைத்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டொக்டர். வயது முப்பதுகூட இராது. மருந்துத் தண்ணீரால் கழுவி, விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"கறுப்பு விழியிலை குத்தி நிக்குது, அக்கா. நான் தொட ஏலாது. யாழ்ப்பாணம் கொண்டுபோக வேணும். அங்கதான் கண் டொக்டர் இருக்கிறார். இண்டைக்கே போக ஏலுமெண்டா நல்லது."

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்துக்குப் பிறகு, எங்கள் தீவில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பண்ணைப் பாலத்தால் வாகனம் விடமாட்டார்கள். விடிய முதல் பஸ்ஸில் போகலாம் என்று முடிவானது. டொக்டர் கண்ணை மூடிக் கட்டி, கடிதம் ஒன்றும் எழுதித் தந்தார். அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று பொழுது படவே பாலத்துப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. விடிந்தபோது பஸ் இல்லை, பாதை இல்லை, ஊரடங்கு. பாலத்துக்குக் கிட்ட இருந்த சனம் கையில் அகப்பட்டதோடு நடந்து வந்து சேர்ந்தது. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நிரம்பின. எங்களுக்குத் தந்த கட்டிலில் ஒரு வயோதிப மனுசியை இருத்தவேண்டி வந்தது. நாங்கள் சுவரோடு பாயைப் போட்டுக்கொண்டோம். சூடுபட்டவர்களும் ஷெல் துண்டு பட்டவர்களும் அங்கே கிடந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் கணவரின் கண் பெரிய காரியமாக யாருக்கும் தெரியவில்லை. எனக்கே அதைப் பற்றிக் கதைக்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "உங்கடை மனிசனுக்கு எங்கை வைச்சு அடிபட்டது?" என்று கேட்டபோது, "வீட்டிலை" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாளில் இருந்து பகலில் இரண்டு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் சனம் அரிசி, மா தேடி ஓடும். நான் கடிதத்தைக் கொண்டு கடற்படைக்காரர் காவல் நிற்கும் சென்றிக்குப் போவேன். அங்கே நின்றவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. கடிதம் இங்கிலீசில் இருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் என் கண்ணில் விரலால் குத்துவது போலக் காட்டி, "யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம்" என்றேன். அவன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"ஹெட்ட" என்றான்.

நாளைக்கு என்று அர்த்தம். அந்த ஒரு சிங்களச் சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் போனேன். வேறொருவன் நின்றான். அவனும் அதையே சொன்னான். அதற்கு அடுத்த நாள் முதல் ஆளே மறுபடி நின்றான். என்னைக் கண்டவுடன், நான் கடிதத்தை எடுக்க முன்னரே, கையை விரித்துக் காட்டினான். எனக்கு அவனில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் உடம்புக்குள் கொஞ்சம் பலமாவது இருந்திருக்கும். திரும்பி நடந்து வந்தேன்.

டொக்டர் ஒவ்வொரு நாளும் ரெலிபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். சத்தம் இராது. கண்ணுக்கு விடும் மருந்து ஆறாம் நாளோடு முடிந்தது. "இனி கழுவத்தான் ஏலும்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் போல வழியில்லாமல்தான் நிற்கிறார் என்று அப்போது விளங்கியது.

கண் வீங்கிக் கன்னம்வரை வந்துவிட்டது. காய்ச்சல் எரித்தது. கட்டை மாற்றும்போது மணம் வரும். நான் செய்தது துணி கழுவியது, ஈ விரட்டியது, கஞ்சி பருக்கியது. அவ்வளவுதான். இதை வாசிக்கிறவர்கள் வேறு ஏதாவது செய்திருக்கலாமே என்று நினைக்கலாம். வள்ளத்தில் கொண்டுபோயிருக்கலாமே என்று பிறகு ஒருவர் என்னிடமே கேட்டார். கடலில் எது அசைந்தாலும் சுடுவார்கள் என்ற நாட்கள் அவை. நானும் அவரும் அதைப் பற்றிக் கதைத்தோம்.

"என்னைக் கொண்டுபோய் உம்மையும் சாகவிடச் சொல்லுறீரோ?" என்றார்.

"பேந்து என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்ய ஏலாது. இரும்."

ஒரு பகல் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தபோது, "திருநாள் முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம். சாமியார் சின்னனா ஒரு பூசை வைச்சவர். கோயிலுக்குள்ளதானே சனமெல்லாம் இருக்கு."

"அப்ப அந்த மடல்?"

"அதை ஏன் இப்ப கேக்கிறீங்கள்?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதேன்.

பதினோராம் நாள் வெள்ளைக் கொடி கட்டி ஒரு ஆஸ்பத்திரி வாகனம் போக விட்டார்கள். டொக்டர் யாரிடம் என்ன சொல்லி இடம் எடுத்தாரோ தெரியாது, என் கணவரையும் ஏற்றினார். என்னையும் காலடியில் இருக்க விட்டார்கள். பாலத்தைத் தாண்டும்போது அவர் மற்றக் கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வள்ளம்கூட இல்லை.

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் கட்டை அவிழ்த்தவுடன் கேட்டார்: "இது எத்தினை நாள்?"

"இண்டையோட பதினொண்டு, ஐயா."

"ரெண்டு நாளுக்குள்ள வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம். ஏன் வரேல்லை?"

"வரத்தான் வெளிக்கிட்டனாங்கள். விடேல்லை."

அவர் மற்றக் கண்ணையும் விளக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு, இந்தக் கண்ணை எடுத்தால்தான் மற்றக் கண் தப்பும் என்றார். என் கணவர்தான் உடனே ஓம் என்றார். கையொப்பம் போடப் பேனையைக் கொடுத்தபோது, பேனை கடதாசிக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்று எழுதப் பார்த்தது. நான் கையைப் பிடித்துக் கடதாசியில் வைத்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களின் பின்னர், பாதை திறந்தால் கொழும்பில் இருந்து செயற்கைக் கண் ஒன்று எடுத்துப் போடலாம் என்று தாதி ஒருவர் சொன்னார்.

"கண்ணாடியிலையோ?" என்று கேட்டார் இவர்.

"இல்லை, இப்ப பிளாஸ்ரிக்."

"அப்ப பரவாயில்லை" என்றார். தாதிக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தோம். சாக்கும் சுத்தியலும் போட்ட இடத்திலேயே கிடந்தன. நான் அந்தத் தூள் முழுவதையும் வழித்தெடுத்து வேலிக்கரையில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டேன். போறணையின் மேல் பாயைப் போட்டு மூடினேன். அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

ஒரு கண்ணோடு வாழ்வது என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். வலை பொத்தும்போது ஊசி கண்ணியில் விழாது. இடது பக்கத்தால் யாராவது வந்தால் திடுக்கிடுவார். ஒருநாள் வலையை எறிந்துவிட்டு வந்து, "போறணையைப் போடும்" என்றார்.

"என்னத்துக்கு?"

"மிச்சம் ஏழு மடல் இருக்கு."

"எனக்கு ஏலாது."

"உமக்கு ஏலாதெண்டா எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லும் பாப்பம்? கடலும் இல்லை, வலையும் வருகுதில்லை. கம்பியாவது கட்டுவன். அதுக்குக் கண் தேவையில்லை, விரலுக்குத் தெரியும்."

நான் மறுத்துப் பார்த்தேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் பாயை எடுத்தேன். அவரை வீட்டுக்குள் இருத்திக் கதவைச் சாத்திவிட்டு, முறைப்படி போத்தலைச் சூடாக்கி, தண்ணீரில் போட்டு, தூளாக்கி, அச்சில் நிரப்பினேன். தூளில் பாதி நிலத்தில் கொட்டியது. போறணை சூடேறும்வரை கரண்ட் இருந்தது. ஆறத் தொடங்கியபோது போய்விட்டது. மறுநாள் திறந்தால் இரண்டு மடலும் குறுக்கே வெடித்திருந்தன. அடுத்த கிழமையும் அப்படியே. மூன்றாம் தடவை அச்சே இரண்டாகப் பிளந்தது. வார்க்க மா இல்லை. அதைத் தர வேண்டியவர் ஜேர்மனியில் இருந்தார்.

உடைந்த அச்சின் இரண்டு துண்டையும் அவர் கையில் எடுத்துப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த அக்கா 2008இல் ஒருநாள் எப்படியோ லைன் கிடைத்து எடுத்தார். "எப்பிடி இருக்கிறீர்? எத்தினை செடி செய்தனீர்?" என்று சந்தோசமாகக் கேட்டார். நான் ரெலிபோனை இவரிடம் நீட்டினேன். இவர் ரெலிபோனை வாங்கி, நடந்ததை நாலு வசனத்தில் சொன்னார். அந்தப் பக்கம் அழுகை எனக்கே கேட்டது.

"அக்கா, நீங்கள் சொல்லித்தான் தந்தனீங்கள். நான்தான் கேக்கேல்லை. அழாதேங்கோ. இவவுக்கும் சொல்லுங்கோ அழவேண்டாமெண்டு" என்று சொல்லி ரெலிபோனை என்னிடம் நீட்டினார். இருவரும் அழுதுகொண்டே இருந்தோம். லைன் அறுந்துபோனது.

சண்டை முடிந்த ஆண்டில் அந்த அக்காவின் உறவினர் லொறி கொண்டு வந்து போறணையை ஏற்றிக்கொண்டு போனார்கள். அச்சுகளையும் கொடுத்துவிட்டேன். என்னிடம் கூலி கேட்டிருந்தால் பணம் கொடுத்தாவது கொண்டுபோகச் சொல்லியிருப்பேன்.

அதே ஆண்டு கடலும் திறந்தது. இவருடைய தமையன் வள்ளத்தைத் திருத்தி, பின்னேரத்தில் இறக்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினார். இவர் காலையிலேயே வெளிக்கிட்டு நின்றார். போகவேண்டாம் என்று எதைக் காட்டி மறிப்பது? கரைவரை போனேன். அவருக்குக் கேட்காத தூரம் என்று நினைத்துத் தமையனிடம், "கொஞ்சம் இவரைப் பார்த்துக்கொள்ளுங்கோ, இடப் பக்கம் தெரியாது" என்றேன்.

கேட்டுவிட்டது. "என்னைப் பார்க்க ஆக்கள் தேவையில்லை. நீர் வீட்டை போம்" என்றார்.

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி வைத்தார். வைத்த இடத்தில் வள்ளம் இருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். தமையன் எட்டிச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். கரையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, இந்தமுறை கையால் விளிம்பைத் தொட்டுப் பார்த்து ஏறினார். என் பக்கம் திரும்பவில்லை.

இயந்திரம் பிடித்து வள்ளம் வெளிக்கிட்டது. நான் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன்.